அஞ்சடியில் நடந்தவர்கள் யார்?



"ஓட்டையும் சுவரையும் கட்டிக் காத்து நமக்கு என்ன லாபம்?" பழைய கடைவீடுகளைப் பற்றிய கலந்துரையாடலில் ஒரு நேயர் கேட்ட கேள்வி இது. நேரம் போதாமல் அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

இங்கிலாந்துக்குப் போய் வருகிறவர்கள், அங்குள்ள கிராமத்துச் சிறு வீடுகளையும் சந்துகளையும் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள். அதே ஆசையோடு பார்க்க வேண்டிய தெருக்கள் நம் ஜொகூர் பாருவிலும் உள்ளன. 1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தோற்றுவித்த ஊர் இது. பின்னர் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. ஜாலான் திரூஸ், ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் உங்கு புவான் ஆகியவை அதன் பழைய பகுதி. டோபி என்றால் சலவைத் தொழிலாளி. துணி வெளுத்தவர்களின் பெயரையே ஒரு தெரு இன்றும் சுமக்கிறது.

கடைவீடு என்பது என்ன? கீழே வியாபாரம், மேலே குடும்பம். முகப்பு குறுகல், உள்ளே நீளம். இரு பக்கச் சுவர்களின் மேல் மர உத்தரம் போடுவதால், மரத்தின் நீளத்துக்கு ஏற்பவே அகலம் அமைந்தது. வெளிச்சமும் காற்றும் வர நடுவே திறந்த முற்றம் விட்டார்கள். பின்னால் ஒரு சந்து. கழிவு வாளி எடுக்கவும், தீப்பிடித்தால் உள்ளே நுழையவும் அது வழியாயிற்று.

முன்னால் இருப்பதுதான் நம்மவர் சொல்லும் அஞ்சடி. 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் வகுத்த விதியிலிருந்து இது பரவியது. கூரை கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. வெயிலுக்கும் மழைக்கும் எல்லா இனத்தாரும் ஒதுங்கிய இடம் அது.

பிறகு என்ன ஆயிற்று? 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. 1999 இறுதியோடு இடைக்காலப் பாதுகாப்பும் முடிந்தது. குறைந்த வாடகையை நம்பியிருந்த சிறு தொழில்கள் நாட்டின் பல ஊர்களில் இடம்பெயர்ந்தன. சில வீடுகள் பாழடைந்தன. சில, காப்பிக் கடைகளாகப் புதுவாழ்வு பெற்றன. காப்பிக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வராவிட்டால் கூரையே விழுந்திருக்கும்.

தனிக் கட்டடத்தை மட்டுமன்றி, சந்தும் தெருவுமாக ஒரு பகுதியையே பாதுகாக்க இங்கிலாந்து 1967இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், கட்டடத்தோடு பழக்கவழக்கம், கலை போன்றவற்றையும் மரபாக ஏற்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு சலவைக் கடைக்கு வாடகை கட்டித் தராது. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக் கடை விறகடுப்போடு நிலைத்ததென்றால், தொழிலும் வாடிக்கையாளரும் சேர்ந்து நிலைத்ததால்தான்.

ஆகவே, அந்த நேயருக்கு என் பதில் இதுதான். ஓட்டுக்காக அல்ல, அதன் கீழ் உழைத்தவர்களுக்காகக் காக்கிறோம். அவர்கள் யார் என்று தெரியாவிட்டால், மிஞ்சுவது வெறும் சுவர்தான்.

அடுத்த முறை அங்கே போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கடையில் என்ன நடந்தது, யார் மாடியில் குடியிருந்தார்கள் என்று கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய வாடகைச் சீட்டையும் கடைப் படத்தையும் தூக்கி எறியாதீர்கள். நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டாமா?