மூன்று சிலிண்டர் ரகசியம்

மே மாத மதியம். தில்லி சிக்னலில் நிற்கும் பழைய மாருதி 800-இன் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. ஏசியை அணைத்துவிட்டு, பச்சை விழுந்தால் கிளம்பிவிடலாம் என்று காத்திருக்கிறார் ஓட்டுபவர். பல எஞ்சின்களைப் பலிகொண்டது இந்த நம்பிக்கைதான்.

1983 டிசம்பர் 14 அன்று தில்லியில் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை ஒப்படைத்தபோது, 1,489 சிசி அம்பாசிடருக்குப் பழகியிருந்தவர்கள் இந்த எஞ்சினைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜப்பானின் சுசுகி வடிவமைத்த எஃப்8பி. வெறும் 796 சிசி, சுமார் 37 குதிரைசக்தி. ஆனால் காரின் எடையோ 650 கிலோ அளவுதான். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

நான்குக்குப் பதில் மூன்று சிலிண்டர்கள் என்பதால் ஐடிலிங்கில் லேசான நடுக்கம் இருக்கும். அது பிறவிக் குணம். ஸ்டீயரிங்கே ஆடினால் மட்டும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பார்க்க வேண்டும். இதற்காக எஞ்சினையே பிரித்து மேய்ந்த மெக்கானிக்குகளும் உண்டு.

உண்மையான பலவீனம் வெப்பம். பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும். ஒருமுறை கொதித்தால்கூட ஹெட் வளையலாம். நடுவிலுள்ள கேஸ்கட் போகும். வெளியே கசிவே இல்லாமல் ரேடியேட்டர் நீர் குறைவது, சைலன்சரில் ஓயாத வெண்புகை, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காப்பி நிறத்தில் தெரிவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர். கூலன்டுக்குப் பதில் ஊற்றப்படும் போர்வெல் நீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிகிறது. அடுத்து, விசிறியை முடுக்கும் சுவிட்ச். மூன்றாவது, நமது மேதைமை. வெயில் ஊரில் எதற்கு என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவது! தில்லியின் ஜனவரிக் குளிரில் அந்த எஞ்சின் சூடேறாமலே பெட்ரோலைக் குடிக்கும்.

பழைய கார்களில் கார்புரேட்டர் ஜெட் அடைப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் கோளாறும் சகஜம். 2000-இல் தலைநகர வட்டாரத்துக்கு யூரோ 2 விதி வந்தது. எம்பிஎஃப்ஐ பரவியது. காதால் கேட்டு ட்யூனிங் செய்தவர்களின் மவுசு குறைந்தது.

2010-இல் தில்லி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 800-இன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தலைநகர வட்டாரத்தில் இருந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சில கார்கள் வெளி மாநிலங்களுக்குப் போயின, சில மாயாபுரி காயலான் கடைகளுக்கு. ஆம்னி வேனில் இதே எஞ்சின் 2019 வரை ஓடியது.

பழைய ஆம்னியோ 800-ஓ வாங்குகிறீர்களா? ஆறிய எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். நீங்கள் போகும்போதே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை சொல்லாமல் போய் நில்லுங்கள்.