கீழாநெல்லியும் ரத்தச் சோதனையும்

நமது கடைவீதி மளிகை வியாபாரி ஒருவர் உறவினருக்கு ரத்தம் கொடுக்கப் போனார். "உங்கள் ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அதெப்படி? பத்து வருடம் முன்பே கீழாநெல்லி குடித்துச் சரியாகிவிட்டதே!" என்று நம்மிடம் வாதாடினார்.

வீராணம் பாசன வரப்புகளில் காசில்லாமல் கிடைக்கும் மூலிகை அது. நம்மில் சிலர் பொடியாகவும் விற்கிறோம். கண்ணில் மஞ்சள் இறங்கியதும் கணக்குத் தீர்ந்தது என்று கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானே இறங்கக்கூடியது. பேர் மட்டும் மூலிகைக்குப் போகும். பி, சி வகைகளோ மஞ்சளே காட்டாமல் வருடக்கணக்கில் தங்கி, ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அன்பரின் அன்றைய காமாலை வேறு, இன்றைய பி வேறாகவும் இருக்கலாம்.

பி கிருமியின் ரத்த அடையாளத்தை 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டவர் அமெரிக்கரான பாருக் பிளம்பர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவரே சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து நம் கீழாநெல்லியைச் சோதித்தார். 30 நாள் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த அடையாளம் மறைந்தது. மருந்தில்லாப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். 1988இல் 'லான்செட்' இதழில் இது வந்தபோது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என 1990இல் அதே இதழில் வெளியாயிற்று. சரக்கு நல்லதா என்பதைக் கண் சொல்லவில்லை, தராசு சொன்னது.

இன்று அந்தத் தராசு இன்னும் நுட்பமாகியுள்ளது. பி வகைக்கு இன்டர்பெரான் ஊசி போட்டால், 12 வாரத்தில் மேற்பரப்பு அடையாளத்தின் அளவு இறங்குகிறதா என்று பார்த்து, பலன் வருமா என்று டாக்டர் ஊகிக்கிறார். இறங்கவே இல்லையென்றால் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறலாம். வீண் செலவும் காய்ச்சலும் மிச்சம். எஸ்.ஜி.பி.டி. கூடியும் கிருமி எண்ணிக்கை குறைந்தும் இருப்பவர்களுக்கு ஊசி கேட்கும் வாய்ப்பு அதிகம். சி வகையில் யாருக்கு இன்டர்பெரான் கேட்கும் என்று காட்டும் ஒரு மரபணுவை 2009இல் கண்டார்கள். சில வருடங்களில் பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாக்கும் மாத்திரைகள் வந்ததால் அந்தச் சோதனைக்கு வேலை குறைந்துபோனது. சோதனைச் சரக்குக்கும் சீசன் உண்டு போலும்!

பி மாத்திரையைப் பல வருடம் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். "உடம்பு நன்றாயிருக்கிறது" என்று தானாக நிறுத்தினால் கிருமி மீண்டும் சீறும். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். எங்கே என்பதை அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம்.

நமது அன்பர் இப்போது மாத்திரையில் இருக்கிறார். மனைவி, பிள்ளைகளுக்கும் சோதனை செய்து, கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. கீழாநெல்லிப் பொடி கேட்டு வருபவரிடம், "பி, சி பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுகிறார்.