தண்டால் எடுத்த மறுநாள் நெஞ்சு வலிப்பதேன்?

பள்ளி விளையாட்டு விழா நெருங்குகிறது. புதுச்சேரி–கடலூர் சாலையிலுள்ள தவளக்குப்பத்தில் ஒரு மாணவன். பல மாதங்களாக உடற்பயிற்சியே செய்யாதவன், ஒரே மாலையில் 50 தண்டால் எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நெஞ்சு வலிக்கிறது. தும்மினால் இன்னும் வலிக்கிறது. தடவிப் பார்த்தால் நெஞ்சுக்குழியில் கட்டிபோல் ஏதோ தட்டுப்படுகிறது! இதய நோயாக இருக்குமோ?

தசையில் நடப்பது என்ன?

தண்டாலில் கீழே இறங்கும்போது மார்புத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இழைகளில் அப்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் சீர்செய்யும்போது தசை சற்று வீங்கி வலிக்கிறது. இவ்வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் கூறுவர். அது சரியன்று. பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்த அமிலம் நீங்கிவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்? தசைக்குள் ஏற்படும் கிழிசல்களே காரணம் என்று அமெரிக்க உடலியலறிஞர் தியோடர் ஹஃப் 1902-லேயே கூறினார்.

கட்டி எது?

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள் உள்ளன. மேலுள்ள 7 ஜோடிகள் குருத்தெலும்பு வழியாக நடு மார்பெலும்புடன் நேராக இணைந்துள்ளன. மார்பெலும்பின் கீழ்நுனி வாள்முனைபோல் நீண்டிருக்கும். நெஞ்சுக்குழியில் தட்டுப்படும் 'கட்டி' பெரும்பாலும் இதுதான். அது என்றும் அங்கேதான் இருந்தது. வலி வந்தபிறகுதான் விரல் அதைத் தேடிப் போயிற்று!

விலா சேரும் இடத்துக் குருத்தெலும்பும் சில சமயம் அழற்சியுற்று வலிக்கும். வலியுடன் வீக்கமும் இருப்பதை 1921-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே விவரித்தார். பெரும்பாலும் 2 அல்லது 3-ஆம் விலாவில் வரும் இவ்வீக்கம் நாளடைவில் தானே வடியும்.

பருவ வயதுச் சிறுவர் பலருக்கு முலைக்காம்பின் அடியில் சிறு கட்டி தோன்றுவதுண்டு. இதற்குக் காரணம் ஹார்மோன்கள், உடற்பயிற்சியன்று. பெரும்பாலோர்க்கு இரண்டாண்டுகளில் மறைந்துவிடும்.

எப்போது டாக்டரிடம் செல்வது?

அழுத்தினாலோ கையை அசைத்தாலோ மிகும் வலி பொதுவாகத் தசை, எலும்பு சார்ந்தது. ஆனால், ஓடும்போதே நெஞ்சை அமுக்குவதுபோல் வலி, மயக்கம், மூச்சுத்திணறல், படபடப்பு இவற்றுள் எது வந்தாலும் உடனே ஓட்டத்தை நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. முதலிய சோதனைகளால் இதயத்தின் நிலையை டாக்டர் அறிவார். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசையிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கட்டி வளர்ந்தாலும், சில வாரங்களில் வடியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் நாள் 5 தண்டால் போதும். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். ஒருமுறை சீரான தசை, அடுத்த முறை அதே பயிற்சியைக் குறைந்த வலியுடன் தாங்கும். விழாவுக்கு முந்தின வாரத்தில் அல்ல, சில மாதங்கள் முன்பே தொடங்குங்கள்!