இடித்த வீட்டுக்குப் படம் உண்டா?

முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். தியாகதுருகத்திலும் சுற்று வட்டாரக் கடைத்தெருக்களிலும் நம்மில் பலர் தொழில் பழகியது இப்படிப்பட்ட ஓட்டு வீடுகளில்தான். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்றவை அவை. பகலில் மூட்டை இறக்கிய திண்ணையே இரவில் படுக்கை. இன்று அவை ஒவ்வொன்றாக ஷட்டர் போட்ட கான்கிரீட் கடைகளாகி வருகின்றன. இடித்தவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. ஒழுகும் ஓட்டின் கீழே சர்க்கரை மூட்டை அடுக்கியவருக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். இடிக்கும் முன் ஒரு படம் எடுத்தோமா என்பதே நம் கேள்வி.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்புகளை அகற்ற 1866-ல் சட்டம் வந்தது. இடிக்கும் பொறுப்பை ஏற்ற நகர நிர்வாகத்தாரே தாமஸ் ஆனன் என்ற புகைப்படக்காரரை அமர்த்தி, 1868 முதல் 1871 வரை அந்தச் சந்துகளைப் படமெடுக்கச் செய்தனர். இருண்ட சந்துகள், மெதுவான காமிரா. அசைந்தவர்கள் புகைபோல் மங்கித் தெரிகிறார்கள். வீடுகள் போயின, படங்கள் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீட்டு வரிசையின் முகப்புகளைப் பழைய தோற்றத்துக்கே திருப்பினார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. வணிகர் பெயர் தாங்கிய வீதி என்பதில் நமக்கும் சிறு பெருமை! அதே ஊரில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டியது. குடும்பப் படமும் சரித்திரச் சான்றாகும் என்று அவர்கள் கருதினார்கள்.

நம் மலைக்கோட்டைக்குச் சரித்திரம் உண்டு. 1790-92 மைசூர்ப் போரில் திப்புவின் படை வந்து தாக்கியது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் கடைத்தெருவைப் பற்றி யார் எழுதினார்கள்? திருமணப் படத்தின் பின்னணியிலும், புதுக்கணக்கு பூஜையன்று எடுத்த படத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசலும் பெயர்ப்பலகையும்தான் அதற்குச் சாட்சி.

இதில் தொழில் சம்பந்தமான விஷயமும் இருக்கிறது. வரிசை வீட்டில் இரு வீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரே சுவர்தான். ஒருவர் இடித்ததும், சுவர் யாருடையது, உத்தரம் எதுவரை ஊன்றியிருந்தது, மழைநீர் எந்தப் பக்கம் இறங்கியது என்று தகராறு கிளம்பும். தலைமுறை தலைமுறையாகத் தராசைக் கைமாற்றிக்கொண்ட அண்டைக் கடைக்காரர்கள் வக்கீல் வீட்டுத் திண்ணையில் ஏறுவார்கள். பத்திரமும் பட்டாவுமே முதல் ஆதாரம் என்றாலும், பத்திரத்தில் எழுதாத உத்தரத்தைப் படம் காட்டும். சாலை விரிவாக்கத்துக்குக் கடையின் முன்பகுதி போகும்போதும், அங்கே என்ன கட்டடம் நின்றது என்று காட்ட அது கைகொடுக்கும்.

ஆகவே, இடிக்கத் தேதி குறித்தவர்கள் முகப்பு, இரு பக்கச் சுவர்கள், கூரை, முற்றம் எல்லாவற்றையும் அண்டை வீட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு படமெடுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய படங்களை ஒட்டும் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பசை படத்தைத் தின்றுவிடும். தெருப் பெயர், கடைப் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறம் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் அழுத்தம் முன்பக்கத்தில் வரியாக எழும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.