மூன்றாம் குரோமோசோமில் ஒரு பழைய துண்டு

ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களில் ஒருவரை இருமலோடு விட்டுவிட்டு மற்றொருவரைச் செயற்கைச் சுவாசக் கருவி வரை கொண்டுசென்ற கொரோனாத் தொற்றின் பாரபட்சத்தை, குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த அருமனை போன்ற ஊர்களும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நேரில் கண்டன. முதுமை, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவையே இதற்கு முதன்மைக் காரணங்கள் எனினும், இவை எதுவும் இல்லாதவர்களும் சாய்ந்தபோது ஆய்வாளர்களின் பார்வை மரபணுக்களின் பக்கம் திரும்பியது.

இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2020 ஆம் ஆண்டு ஆய்வு, மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதி நோயின் கடுமையோடு தொடர்புடையது எனக் கண்டது. ஏறத்தாழ 50,000 டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள அத்துண்டு, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து கலப்பின்வழி வந்தது என்று ஹியூகோ சேபெர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் அதே ஆண்டில் நிறுவினர். ஐரோப்பியரில் சுமார் 16 விழுக்காட்டினரே இதைச் சுமக்க, தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இது இருக்கிறது. நுரையீரலின் உட்சுவர் உயிரணுக்களில் எல்இசட்டிஎஃப்எல்1 என்னும் மரபணுவை இத்துண்டு மிகையாக இயக்குவதால், தாக்குண்ட அவ்வுயிரணுக்கள் உருமாறித் தம்மைக் காத்துக்கொள்ளும் செயல் தடைபடுகிறது என்பது 2021 இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அப்படியானால் தெற்காசியாவே பெருந்தொகையில் மடிந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபே ஆகியோர் பங்கேற்ற 2021 ஆம் ஆண்டு ஆய்வு, இத்துண்டின் பரவலுக்கும் தெற்காசிய மக்களிடையே கண்ட தொற்று, இறப்பு விகிதங்களுக்கும் தொடர்பு காணவில்லை. நோயாளிகளைத் தனித்தனியே ஆராயாமல் மக்கள்தொகை அளவில் ஒப்பிட்ட ஆய்வு இது என்பதோடு, இறப்புக் கணக்கு எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆயினும் ஐரோப்பியரிடம் கண்ட முடிவை அப்படியே நம் மக்கள்மேல் ஏற்றுவது பொருந்தாது என்ற எச்சரிக்கை நியாயமானது.

பரவலான இத்தகைய துண்டுகளைவிட மிக அரிதான பழுதுகள் சில கொடியவை. வைரஸை இனங்காணும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்களுக்கு அக்குரோமோசோம் ஒன்றே என்பதால், அந்த ஒன்றும் பழுதானால், உயிரணுக்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தின் சுரப்பு குறைந்து, இளைஞரும் கடுமையாக நோயுறுகின்றனர்.

நியாண்டர்தால் துண்டுக்கோ இன்னொரு முகமும் உண்டு: அதைச் சுமப்பவர்களை எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு குறைவு என்று சேபெர்க் 2022 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.