பேத்தி கேட்ட கார்பன் சைக்கிள்

"தாத்தா, போனஸ் வந்திருக்கு. கார்பன் சைக்கிள் வாங்கப் போறேன்" என்றாள் பேத்தி.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கார்பனா? டைப்ரைட்டரில் வைப்போமே, அதுவா?"

பேத்தி சிரித்துவிட்டு ஒரு தாளை என் முன் வைத்தாள். அதில் மூன்று விலைகள். முதலாவது, பெயர் பெற்ற கம்பெனியின் உயர்ரக சைக்கிள்: எட்டு லட்சத்துக்கு மேல். இரண்டாவது, அதே கம்பெனி, பார்வைக்கு அதே வடிவம், ஆனால் ஒரு படி கீழே: இரண்டே முக்கால் லட்சம். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பெயரில்லாத வெறும் பிரேம்: நாற்பத்தைந்தாயிரம். பழைய சைக்கிளின் சாமான்களை அதில் மாட்டிக்கொள்ளலாமாம்.

"நீங்கதான் இன்ஸ்பெக்டராச்சே, சொல்லுங்க" என்றாள்.

நான் 1972-ல் வாலாஜாபேட்டையிலிருந்து புனே வந்தவன். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்தொன்பது வருடம் உலோகங்களைத் தட்டியும், வெட்டியும், முறித்தும் பார்ப்பதே என் வேலை. அன்றைய புனே சைக்கிள்களின் ஊர். ஷிப்ட் விட்டுச் சங்கு ஊதினால் கேட்டிலிருந்து வெள்ளம்போல் சைக்கிள்கள் புறப்படும். அந்த வெள்ளத்தில் என் அட்லஸும் ஒன்று. ஆகவே பேத்தியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. ஒரு மாதம் படித்தேன், கடைகளில் விசாரித்தேன். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் ஞாயிறு காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் பெருகிவிட்டதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கார்பன் என்பது என்ன?

தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள கரி இழைகளை வரிசையாகப் படுக்கவைத்து, எபாக்ஸி ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்துத் தாள்போல் ஆக்குகிறார்கள். அந்தத் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் அச்சில் அடுக்கி, உள்ளே பை வைத்துக் காற்றூதி அழுத்தி, சூட்டில் வேகவைத்தால் பிரேம் தயார். இவ்வளவு விலையுயர்ந்த பொருள் இன்றும் பெரும்பாலும் கைவேலைதான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

மூங்கிலை நெடுக்கில் பிளப்பது சுலபம், குறுக்கே முறிப்பது கடினம் அல்லவா? கார்பனும் அப்படித்தான். இழை ஓடும் திசையில்தான் அதன் பலம். எந்தத் துண்டை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்கு வைப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. இந்த வித்தை கைவந்த பிறகு பந்தய உலகமே மாறியது. 1986-ல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் கார்பன் பிரேமில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். இன்று அந்தப் பந்தயத்தில் இரும்பு பிரேமைத் தேடினாலும் கிடைக்காது.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

ஜப்பானின் டோரே கம்பெனி செய்யும் இழைகளில் டி-700 என்பது பரவலாகப் பயன்படும் ரகம். அதன் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல். டி-800 ரகத்துக்கு 294. எம்-40-ஜே என்ற ரகத்துக்கு 377. விறைப்பு கூடினால் குறைந்த இழையிலேயே வளையாத பிரேம் செய்யலாம், அதனால் எடை குறையும். உயர்ரக பிரேமுக்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இந்த விலையுயர்ந்த இழைக்கும், அதை அடுக்கும் கூடுதல் கைவேலைக்கும் போகிறது.

ஆனால் இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு இன்னொரு எண்ணும் பட்டது. டி-700 இழை அறுவதற்குமுன் சுமார் 2.1 சதவீதம் நீளும். எம்-40-ஜே 1.2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அதாவது விறைப்பு வேறு, உறுதி வேறு. விலை ஏற ஏற சைக்கிள் இலேசாகிறது, முரட்டுத்தனம் கூடுவதில்லை. குழாயின் சுவர் மெலிவதால் அடிபட்டால் நொறுங்கும் வாய்ப்பு சற்றே கூடவும் செய்யும்.

சரி, எவ்வளவு இலேசு? ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி 2020-ல் வெளியிட்ட டார்மாக் எஸ்.எல்.7 பிரேமை எடுத்துக்கொள்வோம். ஒரே வடிவம், இரண்டு ரகம். உயர்ரகம் 800 கிராம், அடுத்த ரகம் 920 கிராம் என்று கம்பெனியே அறிவித்தது. வித்தியாசம் 120 கிராம். நம் வீட்டு டம்ளரில் ஒரு காப்பி!

பேத்தியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். அவள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 65 கிலோ. சிங்ககட் கோட்டை மலை ஏற அவளுக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. 120 கிராம் குறைந்தால் மிச்சமாவது ஐந்தாறு வினாடி. சமவெளியிலோ அதுகூட இல்லை. அங்கே எதிரி எடையல்ல, காற்று. முதுகைக் கொஞ்சம் குனிந்து ஓட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும். பந்தயத்தில் ஐந்து வினாடி என்பது பதக்கம். ஞாயிறு காலை சவாரியில் அது மூக்குக்கண்ணாடி துடைக்கும் நேரம்.

எட்டு லட்சமும் பிரேமுக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சார கியர், கார்பன் சக்கரங்கள், அதற்கெல்லாம் இறக்குமதி வரி என்று பல தலைகளில் அது பிரிகிறது. தொழில்முறைப் பந்தயத்திலோ 2000-லிருந்து சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச சம்மேளனத்தின் விதி.

"அப்படின்னா நாற்பத்தைந்தாயிரமே போதும்னு சொல்லுங்க தாத்தா" என்றாள் பேத்தி. இந்த இடத்தில்தான் அவளை நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பையன்

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இப்படித்தான் பெயரில்லாத பிரேம் ஒன்றை வரவழைத்தான். பளபளவென்று கறுப்பாக, எடுத்தால் பூப்போல இருந்தது. ஏழு மாதம் ஓட்டினான். ஒரு காலை காத்ரஜ் பழைய காட்டில் இறங்கும்போது ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. போர்க்கின் மேல்தண்டு முறிந்திருந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்ததோடு தப்பினான். பின்னால் லாரி வராதது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

அந்த முறிந்த போர்க்கைக் கேட்டு வாங்கி வந்தேன். மூக்கை மூடிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் விட்டு, ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சுவர் கனம், எதிர்ப்பக்கம் அதில் பாதிதான். நடுவில் அடுக்குகள் சுருங்கி, அரிசி பருமனில் காற்றுக் குமிழிகள். என் பிரிவில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்கியிருப்பேன். வெளியே பூசிய வார்னிஷ் அத்தனையையும் மறைத்துவிட்டது.

இரும்பு நல்ல மனசுக்காரன். வளைவான், முனகுவான், துருப்பிடித்து விரிசலைக் காட்டுவான். போகுமுன் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போவான். கார்பன் அப்படியல்ல. கடைசி நிமிடம்வரை சிரித்த முகத்தோடு இருந்துவிட்டுப் பட்டென்று போகும். அதனால்தான் அதைச் செய்தவன் யார், சோதித்தவன் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சீனாவில் செய்ததால் இப்படி என்று யாரும் எண்ண வேண்டாம். உலகின் பெரிய பெயர்களில் பெரும்பாலானவற்றின் பிரேம்கள் தைவானிலும் சீனாவிலும்தான் பிறக்கின்றன. நான் புனே வந்த அதே 1972-ல் தைவானில் தொடங்கிய ஜயண்ட், பிற கம்பெனிகளுக்கும் பிரேம் செய்து கொடுத்தே வளர்ந்தது. ஊர் குற்றமல்ல, பெயரும் பொறுப்பும் இல்லாததுதான் குற்றம். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தின்படி பிரேமை ஒரு லட்சம் தடவை மிதித்துப் பார்க்கிற சோதனை உண்டு; எடையைப் போட்டு இடிக்கிற சோதனையும் உண்டு. பெயர் பெற்ற கம்பெனியின் கடைசி ரகமும் இதைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறது. பெயரில்லாதவற்றிலும் நல்லது இருக்கலாம். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை. தங்கத்தில் முத்திரை பார்க்கிற நாம், உயிரைத் தாங்குகிற பொருளில் பார்க்க வேண்டாமா?

முடிவு

ஆக, எட்டு லட்சத்துக்கும் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் நடுவே பிரேமில் இருப்பது கிராம் கணக்கு. இரண்டே முக்கால் லட்சத்துக்கும் நாற்பத்தைந்தாயிரத்துக்கும் நடுவே இருப்பது உயிர்க்கணக்கு. முதல் கணக்கில் சிக்கனம் பிடிக்கலாம், இரண்டாவதில் கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதற்கு நடுவிலைதான் பொருந்தும். அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் பெயரில்லாத கார்பனைவிட நல்ல அலுமினியம் பிரேம் வாங்குவது மேல்.

வாங்குகிறவர்கள் கவனிக்க:

• பிரேமின் அளவு உடம்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத உயர்ரகத்தைவிடப் பொருந்திய மலிவு ரகம் வேகமாக ஓடும்.

• பிரேமில் மிச்சம் பிடித்த பணத்தில் 28 மில்லிமீட்டர் நல்ல டயர், நல்ல பிரேக், தரமான ஹெல்மெட் வாங்குங்கள். நம் ஊர்ச் சாலைக்கு இவைதான் உதவும்.

• போல்ட்டுகளைக் கைபோன போக்கில் முறுக்காதீர்கள். பிரேமில் பல இடங்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் ஒன்று அவசியம்.

• விழுந்து எழுந்தால், கீறல் இல்லாவிட்டாலும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் 'டிக்' என்னும். உள்ளே பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்தால் ஓட்டாதீர்கள்.

• வாரண்டித் தாளையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் முகம் தெரிந்தவராக இருப்பது நல்லது.

பேத்தி நடுவிலை சைக்கிளையே வாங்கினாள். பூஜை அறையில் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் என் மனைவி அதை வெளியே விட்டாள். 2026 ஜனவரியில் புனே கிராண்ட் டூர் பந்தய வீரர்கள் நம் சாலைகளில் பறந்தபோது, அதில் சாய்ந்து நின்றுதான் வேடிக்கை பார்த்தாளாம்.

அடுத்த ஞாயிறு சிங்ககட் உச்சியிலிருந்து போன் வந்தது. "தாத்தா, நாற்பத்தெட்டு நிமிஷம்! இப்போ பிட்லா, பாக்ரி, ரெண்டு குல்லட் தயிர். நீங்க சொன்ன அந்த 120 கிராம் கணக்கு போயே போச்சு."

"கணக்கு போகட்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் மறந்துவிடாதே, கண்ணு" என்றேன்.