உதவிப் பணம் யார் கைவழியே செல்கிறது? ஹைத்தி தரும் பாடம்

வளர்ந்த நாடொன்று ஏழை நாட்டிற்கு உதவி அறிவித்தால், தொகை மட்டுமே தலைப்புச் செய்தியாகிறது. அது எவ்வழியே போய்ச் சேர்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. பெறும் நாட்டின் அரசுக் கருவூலத்தில் நேரடியாகச் செலுத்துவது ஒரு வழி. அந்த அரசை ஒதுக்கிவிட்டு, தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்ததாரர்கள், ஐ.நா. அமைப்புகள் ஆகியோரிடம் ஒப்படைப்பது மற்றொன்று.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்திற்குப் பின் ஹைத்தியில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவதே. ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகத்தின் கணக்குப்படி, சுமார் 240 கோடி டாலர் அவசர நிவாரண நிதியில் ஹைத்தி அரசுக்குக் கிடைத்தது 1 விழுக்காடு. உள்நாட்டுத் தொண்டு அமைப்புகளுக்கு அரை விழுக்காடுகூட இல்லை. 34 விழுக்காடு, கொடையளித்த நாடுகளின் சொந்தக் குடிமை, ராணுவத் துறைகளுக்கே திரும்பியது!

கொடையாளர்கள் கூறும் காரணம் ஊழல். அது கற்பனையன்று, துவாலியே குடும்பம் நாட்டைச் சூறையாடியதை ஹைத்தி மக்களே மறக்கவில்லை. கொடையளிக்கும் அரசு தன் நாடாளுமன்றத்திற்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். ஆனால் ஒதுக்கப்பட்ட அரசு வலுப்பெறுவதில்லை. அதன் செவிலியரும் பொறியாளரும் கூடுதல் ஊதியம் தரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். பின்னர் அதே பலவீனம், மீண்டும் ஒதுக்குவதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

வழக்கறிஞர்களாகிய நம்மை உறுத்துவது வேறொன்று. அமைச்சகம் தவறிழைத்தால் குடிமக்கள் நீதிமன்றம் செல்லலாம், தேர்தலில் தண்டிக்கலாம். வெளிநாட்டு ஒப்பந்ததாரரோ தமக்குப் பணம் தந்தவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதன் கடைக்கோடி எடுத்துக்காட்டு ஐ.நா. அமைதிப்படை. அது உதவி நிறுவனமன்று. எனினும் வெளியிலிருந்து வந்த அமைப்பு. 2010 அக்டோபரில் அதன் முகாமொன்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்து காலரா பரவியது. 9,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கப்பட்டோர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். ஐ.நா.வுக்குரிய சட்ட விலக்குரிமையைக் காட்டி அது தள்ளுபடியானது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் பான் கி மூன் மன்னிப்புக் கோரினார், சட்டப் பொறுப்பை ஏற்காமலேயே. அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் திட்டத்திற்கு உறுப்பு நாடுகள் விரும்பினால் தரலாம் என்ற நிலை. திரண்டது அதில் சிறு பகுதியே.